சின்னவளுக்கு அழுக்கு வேண்டும்

தெருவில் அவரைப் பளிச்சண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சலவைக் கடைக்காரர். அவர் வெளுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வெயிலில் நின்றால், எதிரில் வருகிறவர் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். இதில் கொஞ்சம் மிகை உண்டு, ஆனால் அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.

அழுக்கு என்றாலே மனிதருக்கு ஆகாது. தொழிலுக்காக ஆகாது என்று நினைத்தால் தப்பு, பிறவியிலேயே ஆகாது. தோளில் எந்நேரமும் ஒரு துடைக்கும் துணி கிடக்கும். வாய் பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் மேசையில் முழங்கையை ஊன்றி எடுத்தால் அந்த இடத்தில் ஒரு துடைப்பு. தபால்காரர் வந்து போனால் கதவுப் பிடியில் ஒரு துடைப்பு. மனைவி பாதி குடித்து வைத்த டீ கிளாஸ், திரும்பிப் பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்ந்திருக்கும். "இன்னும் குடிக்கலைங்க" என்று அந்தம்மா சொல்வதும் "அடடா" என்று இவர் சொல்வதும் அந்த வீட்டில் தினப்படி கேட்கிற சத்தம்.

முன்னால் கடை, பின்னால் வீடு. கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்தால் நேரே கூடம். கடையின் ஒரு மூலையில் மனைவி தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். சலவைக்கு வருகிற துணியில் அறுந்த பொத்தான், பிரிந்த ஓரம், மக்கர் பண்ணும் ஜிப் எல்லாம் அவர் பொறுப்பு. தெருவுக்கு அவர் தையலம்மா. கணவர் கறையை எடுப்பவர், மனைவி கிழிசலை மூடுபவர் என்று இருவரும் வாழ்க்கையை நன்றாகவே ஓட்டினார்கள். ஒரே ஒரு கிழிசலைத் தவிர.

அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அவர்களுக்கு ஒரே மகள். அவள் வளர வளர, சமையலறைக் கதவு நிலையில் அவளைச் சாய்த்து நிற்க வைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்து, தையலம்மா பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தார். தவழ்ந்து எழுந்து நின்ற நாள் தொடங்கி, அம்மாவையே மிஞ்சி வளர்ந்த வருஷம் வரைக்கும் கோடுகள். மகள் காலேஜில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரம், அந்த நிலை பளிச்சண்ணன் கண்ணில் பட்டது. பென்சில் கிறுக்கல், எண்ணெய்க் கை, விரல் தடம். கடைக்குள் போனார், கறை எடுக்கும் மருந்தை எடுத்து வந்தார். அம்மாவும் பெண்ணும் திரும்பி வந்தபோது நிலை புது மரமாக மின்னியது. பக்கத்திலேயே இவர் பாராட்டை எதிர்பார்த்துப் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார்.

தையலம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நல்லா வெளுத்துட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அந்த நிலையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் போனார். சமையலறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வர வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை தடவையும் பளிச்சண்ணனுக்குச் சுருக்கென்றது.

மகளுக்குக் கல்யாணமாகி, மருமகனுக்கு வேறு தேசத்தில் வேலை என்று விமானம் ஏறிப் போய்விட்டாள். வீடு வெறிச்சோடிப் போயிற்று. கொஞ்ச நாள் தையலம்மா தைத்ததையே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். அடியில் கடல் மணல், துளைதுளையாக நாலைந்து கடல் கற்கள், அளந்து உப்புக் கலந்த தண்ணீர், குபுகுபுவென்று பம்பு. எல்லாம் இருந்தது, உள்ளே நீந்துவதற்குத்தான் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் இல்லை.

"என்ன, வெறும் தண்ணிய உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கே?" என்று கேட்டார் பளிச்சண்ணன்.

"பழுக்கணும்ங்க."

"தண்ணியா?"

"ஆமா. கல்லுல, கண்ணாடியில எல்லாம் பாசி பிடிக்கணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் மணல்ல குடி வரணும். அதுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டா, அது பட்டினியிலயே செத்துடும்."

"எது?"

"வரும்போது பாருங்க."

வந்தது ஒரு நட்சத்திர மீன். செங்கல் நிறம், உள்ளங்கை அகலம், ஐந்து கை. தண்ணீர்ப் பைக்குள் படுத்திருந்தது. பளிச்சண்ணன் உற்சாகமாகப் பையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டப் போனார். தையலம்மா அவர் கையில் பட்டென்று ஒன்று போட்டார்.

"கம்பளிச் சட்டையைப் பச்சத் தண்ணியிலேர்ந்து எடுத்து நேரா சுடுதண்ணியில போடுவீங்களா?"

"போட்டா அப்புறம் பொம்மைக்குத்தான் மாட்டணும்."

"இதுவும் அப்படித்தான். உப்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இதோட உடம்பு தாங்காது."

மெல்லிய குழாய் ஒன்றில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விழும்படி செய்துவிட்டு, பாதி நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே நுழைத்து, மீனை அதில் ஏற்றி, தண்ணீரோடு தண்ணீராக இடம் மாற்றினார். "காத்துல தூக்கக் கூடாதுங்க. உடம்பு பூரா தண்ணி ஓடுற குழாய்தான். காத்து புகுந்துட்டா முடிஞ்சுது" என்றார். அது மெதுவாக ஒரு கையை நீட்டிக் கல்லைத் தொட்டுப் பார்த்தது. அந்தம்மாவின் முகத்தில், மகள் போன பிறகு காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது. அன்றைக்கே பெயரும் வைத்தாயிற்று. மகள் பெரியவள், இது சின்னவள்.

இப்படி இருக்கையில் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. பிரசவத்துக்குத் தையலம்மா போயாக வேண்டும், போனால் திரும்ப மாதங்கள் ஆகும். பெட்டி கட்டிய கையோடு கணவரைத் தொட்டி முன்னால் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தார்.

"தண்ணி ஆவியாகிக் குறையும். குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க. உப்பு ஆவியாகாது, அது உள்ளயேதான் இருக்கும். முன் கண்ணாடியில படியறதை மட்டும் இந்தக் காந்தத் துடைப்பானால அப்பப்போ தள்ளி விடுங்க. மத்த கண்ணாடி, கல்லு, மணல், எதையும் தொடக் கூடாது. அதுல இருக்கறதுதான் அவளுக்குச் சோறு. சோப்புக் கையை உள்ள விடவே கூடாது."

"சரி, சரி. நான் என்ன குழந்தையா?"

வண்டி வாசலில் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்த அந்தம்மா கண்ணாடியை இறக்கி, "பெரியவ கோட்டைத்தான் வெளுத்தீங்க. சின்னவளையும் வெளுத்துடாதீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. பளிச்சண்ணனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தலைகீழாக நின்றாவது இந்த மீனைக் காப்பாற்றிக் கையில் ஒப்படைத்துவிட வேண்டும், அப்போதாவது அந்தப் பழைய கணக்கு தீரும் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் சில வாரங்கள் மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தார். யாரும் குறை சொல்ல முடியாது. கெடுத்தது வக்கீல். சலவைக்குப் போட்ட தன் கறுப்புக் கோட்டை வாங்கிப்போக வந்தவர், திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன பளிச்சண்ணே, ஊர் அழுக்கையெல்லாம் எடுக்கறீங்க, உங்க கூடத்துலயே பாசி அப்பிக் கிடக்கே?"

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் கோட்டோடு போய்விட்டார். இவருக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்? மத்தியானம் கடை ஷட்டரை இறக்கினார். துணியைத் தோளிலிருந்து எடுத்தார்.

அந்த மனிதர் மூளை எப்படி ஓடியது என்று கேளுங்கள். தொடக் கூடாது என்றாள், சரி. ஆனால் இவ்வளவு படியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. சோப்புக் கை கூடாது என்றாள், ரொம்ப சரி. அதனால்தான் எலுமிச்சை வாசனைச் சோப்பைப் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை கழுவிக்கொண்டார். கழுவின பிறகு அது சோப்புக் கை இல்லையே, சுத்தமான கை. இப்படி ஒரு நியாயத்தை அந்த வக்கீல்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்று பக்கக் கண்ணாடியையும் புதுத் துணியால் துடைத்தார். சட்டைக் காலர் தேய்க்கும் பிரஷ்ஷால் கல்லையெல்லாம் தேய்த்தார். மணலை வாளியில் அள்ளி, குழாயடியில் வைத்து, கலங்கல் தெளியும்வரை அலசினார். தொழில்காரர் அல்லவா, அரைகுறையாக விட மனசு வராது. சின்னவளை மட்டும் தொடவில்லை. அவள் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி நாசூக்காகத் துடைத்தார். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் தொட்டி நகைக்கடை மாதிரி ஜொலித்தது. அடுத்த தடவை வந்த வக்கீல், "அப்படிப் போடுங்க" என்றார். பளிச்சண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாவாத கால் சீக்கிரமே பாவியது. சின்னவள் நகர்வதை நிறுத்தினாள். கல்லில் ஏறுவதில்லை, கண்ணாடியில் ஏறுவதில்லை. துவைத்துப் பிழியாமல் போட்ட துணி மாதிரி மணல் மேல் சொத்தென்று கிடந்தாள். புது இடத்தில் களைப்பு என்று இவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதே இடம்தான். கழுவி வைத்ததுதான் புதுசு.

இந்த நேரம் பார்த்து வீடியோ அழைப்பு. பேத்தி பிறந்திருந்தாள். குழந்தையைக் காட்டி, கொஞ்சி, எல்லாம் முடிந்த பிறகு தையலம்மா கேட்டார்.

"சின்னவ எங்க? காட்டுங்க."

"கல்லுக்குப் பின்னாடி இருக்கா. வெட்கப்படறா."

"நட்சத்திர மீனுக்கு என்னங்க வெட்கம்?"

"உன் வளர்ப்பாச்சே."

அந்தம்மா திரையை உற்றுப் பார்த்தார். "தொட்டி ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"போன்ல அப்படித் தெரியும். இது நல்ல போன்" என்று சொல்லிவிட்டு, குழந்தை அழுகிறது போய்ப் பார் என்று அழைப்பை வெட்டினார். குழந்தை அழவே இல்லை.

மறுநாள் காலை, ஒரு கையின் நுனி வெளிறிக் கூழாகியிருந்தது. அதற்கடுத்த நாள் அந்த நுனி தனியாக மணலில் கிடந்தது. பளிச்சண்ணன் பேயறைந்த மாதிரி நின்றார். எத்தனையோ சட்டைகளின் நிறத்தைக் கெடுத்து, புதுச் சட்டை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தவர்தான். ஆனால் இது ஒரு உயிர். நம்பி ஒப்படைத்த உயிர். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வண்ணமீன் கடைக்கு ஓடினார்.

அந்தக் கடைக்காரம்மா தொட்டிகளுக்கு நடுவே வலையோடு நின்றிருந்தார். ஈர ஏப்ரன், எதற்கும் பதறாத முகம். இவர் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கையைக் காட்டுங்கண்ணே" என்றார். காட்டினார். கடைக்காரம்மா மோந்து பார்த்தார்.

"எலுமிச்சையா?"

"நல்ல சோப்புதான்மா."

"உங்களுக்கு நல்லது. அதுக்கு விஷம். தொட்டி எப்படி இருக்கு?"

இங்கேயும் மனிதருக்குப் பெருமை விடவில்லை. "மருந்துக்குக்கூட அழுக்குக் கிடையாது."

"அப்ப சாப்பாடும் கிடையாது. சோத்துப் பானையைக் கழுவி வெச்சுட்டு, ஏன் சாப்பிடலைன்னு கேக்கறீங்க."

பாசிதான் சோறு என்று மனைவி சொன்னது அப்போதுதான் பளிச்சண்ணனின் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இதே நிறத்துல, இதே அளவுல, வேற ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் கடைக்காரம்மா. "அதையும் துடைப்பீங்களா?"

பளிச்சண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கல்நெஞ்சுக்காரி இல்லை கடைக்காரம்மா. நடு உடம்பு கெடாமல் இருந்தால் போன கை மறுபடி முளைக்கும் என்றார். மீன்களுக்கு ஊற்றுகிற மருந்து எதையும் ஊற்றிவிடாதீர்கள், அதில் செம்பு இருக்கும், இது ஒரே நாளில் போய்விடும் என்றார். பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் மாற்றச் சொன்னார். சோப்பை உறிஞ்ச ஒரு பை நிறையக் கரி கொடுத்து, அதைத் தண்ணீர் ஓடும் வழியில் வைக்கச் சொன்னார். வாழ்நாளெல்லாம் வெள்ளைத் துணியைக் கரியிடமிருந்து காப்பாற்றிய மனிதர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக, மூலையில் இருந்த ஒரு தொட்டிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடியே தெரியவில்லை, அவ்வளவு பச்சை. "நாலு வருஷமா இதை யாரும் தொட்டதில்ல. இதுலேர்ந்து ரெண்டு கல்லு, ஒரு கிண்ணம் மணல் தரேன். உப்புத் தண்ணியில முங்கினபடியே கொண்டுபோங்க. காசு வேணாம்ணே. அழுக்குக்கு நான் இதுவரை விலை போட்டதில்ல."

வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவோடு வந்தார். எதிரில் யார் வரக் கூடாதோ அவரே வந்தார்.

"என்ன பளிச்சண்ணே, வாளியில?" என்றார் வக்கீல்.

"அழுக்கு."

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எடுக்கல. கேட்டு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கண்ணாடியில் மெல்லப் பழுப்பு படிந்தது, பிறகு பச்சை. பார்க்கப் பார்க்கக் கை நமநமத்தது. கூடத்து வாசலில் ஓர் ஆணி அடித்தார். உள்ளே போகுமுன் தோள் துணியை அதில் மாட்டிவிட்டுத்தான் போவது என்று வைத்துக்கொண்டார். அப்படியும் ஒரு தடவை சட்டை நுனி கண்ணாடியை நோக்கிப் போய்விட்டது, தன் கையைத் தானே தட்டிக்கொண்டார். கையை வெறும் தண்ணீரில் மட்டும் கழுவினார். வாடிக்கையாளர்கள் பாசியைப் பற்றிப் பேச்செடுத்தால், "பழுத்துக்கிட்டு இருக்கு" என்று பெரிய நிபுணர் மாதிரி பதில் சொன்னார். இரவு படுக்கப் போகுமுன், "இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிம்மா" என்று தொட்டியிடம் சொல்வார். மனைவியிடம்கூட அவ்வளவு கெஞ்சியதில்லை.

ஒரு காலையில் சின்னவள் மணலில் இல்லை. பார்த்தால், முன் கண்ணாடியில் ஏறி, நாலு கையையும் குட்டையாகிப் போன ஐந்தாவதையும் பரப்பிக்கொண்டு ஒட்டியிருந்தாள். குட்டைக் கையின் முனையில் அரிசி மணி மாதிரி ஒரு சின்ன முளை. பளிச்சண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. துணி ஆணியில் இருந்தது.

சட்டைப் பையில் கை போனது. அதில் எப்போதும் குறி போடும் பேனா இருக்கும். எந்தத் துணி யாருடையது என்று உள்பக்கத்தில் அடையாளம் போடுகிற பேனா, அந்த மை எத்தனை வெளுப்புக்கும் போகாது. தொட்டிக்கு வெளியே, கண்ணாடி மேல், அந்தக் குட்டைக் கை தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளியும் அது முடியும் இடத்தில் ஒரு கோடும் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அதன் பிறகு அவள் முன் கண்ணாடிக்கு வரும்போதெல்லாம் போட்டார்.

தையலம்மா திரும்பி வந்த அன்று, வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அந்தம்மா பெட்டியை அவர் கையில் திணித்துவிட்டு நேரே கூடத்துக்குப் போய்விட்டார். இவர் பின்னாலேயே ஓடினார். தொட்டியின் மூன்று பக்கமும் பச்சைப் பசேலென்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் அழுக்காக விட்டு வைத்த ஒரு பொருளை அந்தம்மா இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். முகம் மலர்ந்தது. பிறகு முன் கண்ணாடிக்கு வந்தார்.

"இந்தக் கை என்னாச்சு?"

"நான்தான்" என்றார் பளிச்சண்ணன். ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோயிருந்தது. "துடைச்சுட்டேன். மூணு கண்ணாடியும், கல்லும். மணலை அலசிட்டேன். சோப்புக் கையை உள்ள விட்டேன். நீ சொன்னது எதையும் கேக்கல. போன்ல பொய் சொன்னேன்."

தையலம்மா தொட்டியைப் பார்த்தபடியே நின்றார். பல வருஷங்களுக்கு முன்னால் சமையலறை நிலைக்கு முன்னால் நின்றாரே, அதே நிற்பு. இப்போது அந்த வார்த்தை வரும் என்று இவர் பெட்டியோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"இது என்னங்க, கண்ணாடி பூரா கிறுக்கல்?"

"அது அவ கை. முளைச்சுதா, வளர வளரப் போட்டு வெச்சேன். இதான் முதல்ல. அப்புறம் இது. இது போன வாரம்."

அந்தம்மா குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். ஒன்றைவிட அடுத்தது ஒரு நூல் கூட. கைக்குட்டையை எடுத்து, நாக்கில் தொட்டு, ஒரு கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"போகாது" என்றார் பளிச்சண்ணன். "நம்ம கடை மை."

கொஞ்ச நேரம் அந்தக் கோட்டிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார் தையலம்மா. "அன்னைக்கே நான் இதாலதான் போட்டிருக்கணும்" என்றார். பிறகு கையை நீட்டினார், "குடுங்க அந்தப் பேனாவை."

வாங்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நிலைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, காற்றில் ஒரு குழந்தையின் நீளத்தை ஞாபகத்திலிருந்து அளந்தார். சரியாக வரவில்லை போல, கண்ணை மூடி இன்னொரு தரம் அளந்தார். பிறகு அந்தப் பளபளக்கும் மரத்தில், தரையிலிருந்து கொஞ்சம் மேலே, ஒரு கோடு போட்டார்.

"பேத்தி" என்றார். "இப்போதைக்கு இவ்வளவுதான்."

மை காய்வதற்குள் அவர் விரல் பட்டு, கோட்டின் ஓரம் லேசாக இழுபட்டுவிட்டது. பளிச்சண்ணனின் கை தானாகத் தோளுக்குப் போனது. துணி அங்கே இல்லை, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போய் எடுத்து வரவில்லை.